சோபே ஆறு: படகா, ஜீப்பா? மூன்று இரவை எப்படிப் பிரிப்பது?

தபால்காரர் மகன் | மார்ச் 3, காலை 9.12

வணக்கம். பல வருடமாக இங்கே படித்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிறவன். இப்போது வாய் திறந்து கேட்க வேண்டிய கட்டம்.

செப்டம்பரில் போட்ஸ்வானாவின் சோபே தேசியப் பூங்காவுக்குப் போவதாக இருக்கிறோம். நான், மனைவி, அம்மா. அம்மாவுக்கு 72 வயது. நன்றாக நடப்பார், ஆனால் முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்காத நாட்களும் உண்டு. இந்தப் பயணமே அவருக்காகத்தான். கோயில் யானைக்கு வாழைப்பழம் கொடுத்ததோடு சரி, காட்டு யானையைப் பார்த்ததே இல்லை. முதுமலைக்கு இரண்டு முறை கூட்டிப்போனேன். இரண்டு முறையும் மானும் மயிலும்தான். ஒரு தடவை தூரத்தில் மூங்கில் அசைந்தது, "அதோ யானை" என்றார் டிரைவர். நான் மூங்கிலைத்தான் பார்த்தேன் என்று அம்மா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஏஜென்ட் தந்த திட்டம்: விக்டோரியா அருவியில் நான்கு இரவு, அங்கிருந்து ஒரே நாளில் சோபே போய்த் திரும்புவது. காலை 7 மணிக்குக் கிளம்பினால் முற்பகலில் படகு, பிறகு சாப்பாடு, பிறகு ஜீப், மாலையில் திரும்பவும் அருவி. எனக்கோ அருவியில் ஓர் இரவு, சோபேயில் மூன்று இரவு என்று மாற்றிவிடலாமா என்று தோன்றுகிறது. மாற்றினால் அந்த மூன்று நாளில் படகு எத்தனை, ஜீப் எத்தனை? மூன்று நாளும் யானையையே பார்த்தால் சலிக்காதா என்று வேறு மனைவி கேட்கிறார்.

லென்ஸ் மாமா | மார்ச் 3, காலை 9.40

படகு. மீதியைச் சாயங்காலம் வந்து எழுதுகிறேன்.

சிறுத்தைப்பிரியை | மார்ச் 3, காலை 11.05

மாமா சொன்னால் வேதவாக்கு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் அண்ணா. அவருக்குச் சிங்கம் சிறுத்தை எல்லாம் யானைக்குப் பின்னணியில் தெரியும் புள்ளிகள்.

காலையில் ஜீப்பை விட்டுவிடாதீர்கள். பூங்கா வாசல் ஆறு மணி வாக்கில் திறக்கும், அந்த நேரத்துக்கு வாசலில் நிற்க வேண்டும். முதல் ஒன்றரை மணி நேரம் மணல் பாதையில் ராத்திரி யார் யார் நடந்தார்கள் என்பது அப்படியே பதிந்திருக்கும். வழிகாட்டி வண்டியை நிறுத்திக் கீழே எட்டிப் பார்ப்பார், "இது இப்போதுதான்" என்பார், அப்புறம் நமக்கு மூச்சே வராது. நான் ஆற்றங்கரைப் பாதையில் சிங்கக்கூட்டத்தைப் பார்த்தது அப்படித்தான். சிறுத்தை தென்பட்டது நான்காவது சவாரியில், அதுவும் வால் மட்டும்.

பாதையை விட்டு வண்டி இறங்கக் கூடாது, இருட்டிய பிறகு உள்ளே ஓட்டக் கூடாது. தனியார் காடுகளில் கிடைக்கும் இரவுச் சவாரி இங்கே கிடையாது. டிரோன் கொண்டுபோனால் பறிபோகும்.

காபரோன் கணக்கர் | மார்ச் 3, மதியம் 2.30

நான் போட்ஸ்வானாவில் 14 வருடமாகக் கணக்கு எழுதிப் பிழைக்கிறேன். குழந்தைகள் சின்னவர்களாக இருந்தபோது வருடம் ஒருமுறை பூங்காவை ஒட்டிய கசானே ஊருக்கு வண்டி ஓட்டிப் போவோம். ஊர்க்காரன் என்ற முறையில் முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன்.

சோபே பூங்கா மொத்தம் 11,700 சதுர கிலோமீட்டர். பயணிகள் "சோபே போனேன்" என்று சொல்வது அதன் வடக்கு விளிம்பில் ஆற்றை ஒட்டிய ஒரு பட்டையைத்தான். கசானே ஊரிலிருந்து செடுடு வாசல், அங்கிருந்து பழைய மரம் அறுக்கும் இடமான செரொண்டெலா, அதையும் தாண்டி இஹாஹா முகாம். தெற்கே நாள் முழுக்க மணலில் புதைந்து புதைந்து போனால் சவுட்டி. சிங்கம் கூட்டமாகச் சேர்ந்து யானையையே வேட்டையாடியதாகப் பேர் வாங்கிய இடம் அது. அங்கே ஒரு கால்வாய் உண்டு. 1980களின் தொடக்கத்தில் வறண்டு, ஏறக்குறைய முப்பது வருடம் கழித்து மறுபடி தண்ணீர் பாய்ந்தது. அருமையான இடம்தான், ஆனால் அம்மாவின் முழங்காலை அந்த ரோட்டுக்குக் காட்டாதீர்கள்.

ஆற்றுக்கும் ஒரு பெயர் போதவில்லை. அங்கோலாவில் குவாண்டோ, நடுவில் லின்யான்டி, கடைசியில் சோபே, கசுங்குலாவில் சாம்பசி ஆற்றோடு கலக்கிறது. சாம்பசியில் வெள்ளம் ஏறும் மாதங்களில் சோபே ஆறு பின்னோக்கி ஓடும். எங்கள் ஆபீசில் ஒருவர் சொன்னபோது நம்பவில்லை. மிதந்து போன புல் திட்டை நேரில் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

சரி, வேலைக்கு வருவோம். ஒரே நாளில் போய்வரும் திட்டத்தை விட்டுவிடுங்கள். அருவியிலிருந்து கசானே 80 கிலோமீட்டர் சொச்சம், தூரம் பிரச்சினை இல்லை. எல்லைச் சாவடிதான் பிரச்சினை. அருவியின் ஜிம்பாப்வே பக்கத்திலிருந்து கிளம்பி அங்கேயே திரும்புவதானால் அந்த நாட்டு விசா இரண்டு முறை நுழையக்கூடியதாக இருக்க வேண்டும். இதை ஏஜென்ட்டிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. சில விடுதிகள் "சோபே ஆற்றங்கரை" என்று விளம்பரம் செய்யும், ஆனால் எதிர்க்கரையில் நமீபியாவில் இருக்கும். படகில்தான் கூட்டிப்போவார்கள், இரண்டு பக்கமும் பாஸ்போர்ட்டில் முத்திரை விழும், நமீபியா விசாவும் வேண்டும். இடம் அழகு. ஆனால் கசானேயில் போய் நின்றுகொண்டு இதைத் தெரிந்துகொள்ளக் கூடாது.

மட்டுநகரான் | மார்ச் 3, மாலை 5.18

ஏஜென்ட் சொன்ன அந்த ஒருநாள் பயணத்தை நாங்கள் போன வருடம் செய்தோம். எந்த நிறுவனம் என்று சொல்லவில்லை, எல்லோரும் ஒரே மாதிரித்தான் நடத்துகிறார்கள் போலும்.

எல்லையில் இரண்டு மணித்தியாலம். படகு ஏறும்போது பத்தரை. கரையில் முதலை கிடந்தது, நீர்யானைகளின் முதுகுகள் தெரிந்தன, எருமைகள் இருந்தன. யானை? தனி ஆண் யானைகள் மூன்று. பிறகு ஹோட்டலில் சாப்பாடு. பிறகு ஜீப். மூன்றரை மணிக்கு எங்கள் வாகனம் வாசலை நோக்கித் திரும்புகிறது, அப்போதுதான் மரங்களுக்குள் இருந்து குடும்பம் குடும்பமாக ஆற்றுக்கு இறங்கத் தொடங்கின. சாரதி கையைக் காட்டி நேரத்தைக் காட்டினார். என் மகள் பின்கண்ணாடியால் பார்த்துக்கொண்டே வந்தாள்.

எங்கள் இலங்கையில் மின்னேரியாக் குளத்தில் ஓகஸ்ட், செப்டெம்பரில் யானைகள் கூடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பின்னேரம்தான் வரும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். காசைக் கட்டிவிட்டு மறந்துபோனேன்.

லென்ஸ் மாமா | மார்ச் 3, இரவு 9.55

சாயங்காலம் என்றேன், ராத்திரி ஆகிவிட்டது. மட்டுநகரார் பாதி வேலையை முடித்துவிட்டார்.

விஷயம் எளிது. மழைக்காலத்தில் காட்டுக்குள் குட்டை குட்டையாகத் தண்ணீர் நிற்கும். யானைக்கு ஆற்றுக்கு வரவேண்டிய அவசியமே இல்லை. மே மாதத்துக்குப் பிறகு மழை கிடையாது, குட்டைகள் ஒவ்வொன்றாக வற்றும். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபரில் சுற்றுவட்டாரத்தில் நம்பக்கூடிய தண்ணீர் அந்த ஆறு ஒன்றுதான். ஒரு பெரிய யானைக்கு நாளைக்கு நூறு லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். காலையெல்லாம் உள்ளே மேய்ந்துவிட்டு வெயில் ஏறியதும் நடக்க ஆரம்பிக்கும். தனி ஆண்கள் முன்னால், குடும்பங்கள் இரண்டு மூன்று மணிக்கு மேல். ஆகவே நீங்கள் அவற்றைத் தேடிப் போக வேண்டாம். தண்ணீரில் போய் உட்கார்ந்துகொள்ளுங்கள், அவை உங்களிடம் வரும்.

ஜீப்பில் யானையை மேலிருந்து பார்க்கிறோம், முதுகும் காதும் தெரியும். படகில் நம் கண் அதன் கால் நகத்தின் மட்டத்தில் இருக்கும். படத்துக்கு மட்டும் சொல்லவில்லை. கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால்தான் அதன் உருவம் மனசில் ஏறும்.

வெளிச்சக் கணக்கு ஒன்று, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே இருப்பவர்கள், பெரும்பாலான மாதங்களில் சூரியன் நமக்குத் தெற்கே சாய்ந்திருக்கும். அங்கே தலைகீழ். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை சூரியன் வடக்கே. ஆறு கிழக்கே ஓடுகிறது, பூங்கா தென்கரையில். படகிலிருந்து தென்கரையைப் பார்த்தால் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம், வெளிச்சம் யானையின் முகத்தில். கரையில் ஜீப்பில் இருப்பவன் சூரியனை முறைத்துக்கொண்டிருப்பான்.

படகு என்றால் எந்தப் படகு? இரண்டு மாடி, நாற்பது ஐம்பது பேர், நடுவில் பார், ஒரு பக்கம் யானை வந்தால் எல்லோரும் அந்தப் பக்கம் சாய்வார்கள். அது வேண்டாம். எட்டுப் பத்துப் பேர் உட்காரும் தட்டை அலுமினியப் படகு கேளுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு நாணலில் மூக்கைச் செருகி நிறுத்துவார்கள். அந்த அமைதியில்தான் யானை தண்ணீரை உறிஞ்சும் சத்தம் கேட்கும்.

ஆற்றின் நடுவே இருக்கும் செடுடு தீவுக்கு அவை நீந்திப் போவதையும் பார்த்துவிட வேண்டும். வெள்ளம் வடிந்ததும் தீவில் பச்சைப் புல் எழும். அதற்காக வரிசையாக இறங்கும். துதிக்கை நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே, குட்டி இரண்டு பெரியவற்றுக்கு நடுவே.

காபரோன் கணக்கர் | மார்ச் 4, காலை 7.02

அந்தத் தீவுக்கு ஒரு கதை உண்டு. மூன்றரை சதுர கிலோமீட்டர் புல்வெளி, வருடத்தில் சில மாதம் தண்ணீருக்குள். அதற்காக நமீபியாவும் போட்ஸ்வானாவும் ஹேக் சர்வதேச நீதிமன்றம் வரை போனார்கள். நமீபியாவில் அதன் பெயர் கசிகிலி. 1890இல் பிரிட்டனும் ஜெர்மனியும் போட்ட ஒப்பந்தத்தில் எல்லை "பிரதான கால்வாய்" வழியாகப் போகும் என்று எழுதிவிட்டார்கள். தீவுக்கு இரண்டு பக்கமும் கால்வாய், எது பிரதானம்? நூறு வருடம் கழித்து ஆழம் அளந்து, அகலம் அளந்து, 1999 டிசம்பரில் தீவு போட்ஸ்வானாவுக்கு என்று தீர்ப்பு. இரண்டு நாட்டுப் படகுகளும் இரண்டு கால்வாயிலும் போகலாம் என்றும் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் நமீபியக் கொடி கட்டிய படகு உங்கள் பக்கத்தில் வந்து நிற்கும்.

யானைக்கு மட்டும் பாஸ்போர்ட் கேட்பதில்லை.

ஆலமரத்தடி | மார்ச் 4, காலை 10.47

எல்லாரும் யானை யானை என்று உருகுகிறீர்கள். நான் 2018இல் போனேன். என் கண்ணில் முதலில் பட்டது கரையோரம் நின்ற செத்த மரங்கள். பட்டை உரிந்து, வெளுத்து, எலும்பு மாதிரி. செரொண்டெலா பக்கம் ஒருகாலத்தில் நிழல் அடர்ந்த பெருமரக் காடு இருந்ததாம். இப்போது புதர். இத்தனை யானையை அந்த மண் தாங்குகிறதா என்று யாராவது கேட்டீர்களா? நாட்டின் மக்கள்தொகையே 24 லட்சத்துக்குள். யானை 1,30,000க்கு மேல். 18 பேருக்கு ஒரு யானை. தமிழ்நாடு முழுக்க மூவாயிரத்துச் சொச்சம் யானைக்கே நாம் படும் பாடு தெரியும்.

2014இல் வேட்டையை நிறுத்தினார்கள், 2019இல் திரும்ப அனுமதித்தார்கள். அனுமதித்தது சரிதான் என்பது என் கட்சி. கல்லெறிய நினைப்பவர்கள் எறியலாம்.

சிறுத்தைப்பிரியை | மார்ச் 4, காலை 11.20

எறிகிறேன். வேட்டைக்காரன் காசு கொடுத்துச் சுடுவது பெரிய தந்தம் உள்ள வயதான ஆணை. அது செத்தால் கரையோர மரம் எப்படித் தழைக்கும்? வருடத்துக்குச் சில நூறு உரிமம் கொடுத்து 1,30,000ஐக் குறைக்க முடியுமா? காட்டைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லாமல் வருமானத்துக்காக என்று நேராகச் சொன்னால் குறைந்தபட்சம் பேசலாம்.

ஆலமரத்தடி | மார்ச் 4, காலை 11.31

வருமானத்துக்காகத்தான். யாருடைய பயிர் போகிறதோ அவனுக்கு வருமானம். அதில் என்ன வெட்கம்?

நெறியாளர் | மார்ச் 4, காலை 11.50

கேள்வி கேட்டவர் அம்மாவை யானை பார்க்கக் கூட்டிப்போகிறார். வேட்டை விவாதம் தொடரலாம், ஆனால் அவர் கேட்டதும் நினைவிருக்கட்டும்.

காபரோன் கணக்கர் | மார்ச் 4, இரவு 8.15

இருவருக்கும் பாதிப் பாதி மார்க்.

மரம் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. 19ஆம் நூற்றாண்டில் தந்தத்துக்காகச் சுட்டுச் சுட்டு அந்தப் பக்கம் யானையே அரிதாகிப்போனது. 1896 வாக்கில் வெக்கை நோய் வந்து மாடு, எருமை, மான் என்று குளம்புள்ளவை எல்லாம் கொத்துக் கொத்தாகச் செத்தன. இளங்கன்றை மேய ஆள் இல்லை. அந்த இடைவெளியில்தான் ஆற்றங்கரைப் பெருமரங்கள் எழுந்தன என்கிறார்கள் அங்கே வேலை செய்த ஆய்வாளர்கள். அதாவது ஆலமரத்தார் ஏங்கும் அந்தச் சோலை, யானை இல்லாத காலத்தின் விளைச்சல். யானை திரும்பி வந்தது, சோலை போனது. எது இயல்பு நிலை என்று கேட்டால் எந்த வருடத்திலிருந்து எண்ணுகிறீர்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. செரொண்டெலாவில் மரம் அறுத்து விற்ற கதை வேறு இருக்கிறது, அதற்கு யானையைக் குற்றம் சொல்ல முடியாது.

பயிர் விஷயத்தில் ஆலமரத்தார் பக்கம்தான் நான். பூங்காவுக்கு மேற்கே ஆற்றை ஒட்டி மபெலே, கவிம்பா, கசிகாவு என்று வரிசையாக ஊர்கள். மபெலே என்றால் இந்த நாட்டு மொழியான சேத்ஸ்வானாவில் சோளம். ஊர்ப் பெயரே சோளம், விளைவதோ யானைக்கு. ஒரு குடும்பத்தின் வருடத்துச் சாப்பாடு ஒரே ராத்திரியில் போகும். மிளகாயை இடித்து யானைச் சாணத்தோடு பிசைந்து கட்டியாகக் காயவைத்து, இரவில் வயல் ஓரத்தில் புகைய விடுகிறார்கள். ஒருமுறை காற்று திரும்பி அந்தப் புகை என் மூக்கில் ஏறியது. நம் வீட்டில் வற்றல் கருகினால் எப்படி இருக்கும், அதைப்போலப் பத்து மடங்கு. இருந்தும் பழகிவிட்ட யானை அதையும் தாண்டி வருமாம்.

2024இல் அப்போதைய அதிபர் மசிசி, வேட்டையாடிய விலங்கின் தலை, தந்தம் போன்ற நினைவுப் பொருட்களின் இறக்குமதியைக் கடுமையாக்கப் பார்த்த ஜெர்மனிக்கு 20,000 யானைகளை அனுப்பிவைக்கிறேன், வைத்துப் பாருங்கள் என்றார். வெளியே எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் ஆபீசில் வடக்கு மாவட்டத்திலிருந்து வந்த பெண் ஒருவர் சிரிக்கவில்லை. அவருடைய மாமா விடியற்காலையில் வேலைக்கு நடந்து போகும்போது யானை அடித்து இறந்தவர்.

வேட்டை பூங்காவுக்குள் கிடையாது, வெளியே ஒதுக்கிய காடுகளில்தான். அதனால் யானைத் தொகை குறையாது என்பதில் சிறுத்தைப்பிரியை சொல்வது சரி. நாட்டு எல்லையைத் தாண்டி நடக்கும் யானைகள் இவை. 2022இல் ஐந்து நாடுகள் சேர்ந்து விமானத்தில் பறந்து எண்ணினார்கள்: மொத்தம் 2,27,900, அதில் போட்ஸ்வானா பக்கம் இருந்தவை 1,31,909. எண்ணிய வாரத்தில் இங்கே நின்றவை அடுத்த மழைக்கு அங்கோலாவில் நிற்கலாம்.

தபால்காரர் மகனுக்கு: விடுதியில் யாரிடமும் நேராகக் கேள்விக்குப் போகாதீர்கள். முதலில் வணக்கம்: பெண் என்றால் "டுமேலா ம்மா", ஆண் என்றால் "டுமேலா ர்ரா". அதற்கு அவர்கள் பதில் சொன்ன பிறகுதான் சாவி, தண்ணீர், வைஃபை எல்லாம். நம்மூரில் வாங்க என்று சொல்லாமல் காரியம் பேசினால் எப்படியோ அப்படி.

தபால்காரர் மகன் | மார்ச் 5, காலை 8.30

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. ஒருநாள் பயணத்தை ரத்து செய்தாயிற்று. கசானேயில் மூன்று இரவு, போட்ஸ்வானா கரையிலேயே. மூன்று மாலையும் சின்னப் படகு, இரண்டு காலை ஜீப்.

இரண்டு கேள்வி. சென்னையிலிருந்து அடிஸ் அபாபா வழியாகப் போகிறோம், ஊசி ஏதாவது? அம்மா சுத்த சைவம், என்ன செய்வது?

காபரோன் கணக்கர் | மார்ச் 5, மதியம் 1.10

எத்தியோப்பியா வழியாக வருவதால் மஞ்சள் காய்ச்சல் ஊசி பற்றிய பேச்சு வரும். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள், பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட்டிருக்க வேண்டும். ஆனால் 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த ஊசியில் பக்கவிளைவு ஆபத்து கூடுதல். அம்மாவை வரிசையில் நிறுத்துவதற்கு முன் அவரைப் பார்க்கும் டாக்டரிடம் கேளுங்கள். கசானே மலேரியா பகுதி, அந்த மாத்திரையையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

சைவம் கஷ்டமில்லை, முன்பதிவிலேயே எழுதிவிடுங்கள். மக்காச்சோளக் களி எங்கும் கிடைக்கும், கூடவே மொரொஹோ என்ற கீரை. சோளத்தைப் புளிக்கவைத்துச் செய்யும் கூழ் ஒன்று உண்டு, "டிங்" என்பார்கள். அம்மாவுக்குப் பிடிக்கும் என்று என் ஊகம். ஒரு பாட்டில் ஊறுகாய் போதும்.

லென்ஸ் மாமா | மார்ச் 5, மதியம் 1.25

ஊறுகாய்ப் பாட்டிலை என் லென்ஸ் பையில் வைத்துக் கொண்டுபோய் நான் பட்ட பாட்டைத் தனி இழையில் எழுதியிருக்கிறேன். இரண்டு பிளாஸ்டிக் பை, அதற்கு மேல் ஒரு டப்பா.

தபால்காரர் மகன் | செப்டம்பர் 27, இரவு 9.40

போய் வந்துவிட்டோம். எழுதாமல் இருந்தால் நன்றிகெட்டவன் ஆவேன்.

எல்லையிலேயே ஆரம்பித்தது. போட்ஸ்வானாவுக்குள் நுழையும் இடத்தில் கோமாரி நோய்க்காக மருந்துத் தண்ணீர் ஊறிய ஒரு விரிப்பு போட்டிருக்கிறார்கள், செருப்போடு மிதித்துப் போக வேண்டும். அம்மா அதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு மிதித்தார். கோயில் வாசல் பழக்கம். அதிகாரி சிரித்துக்கொண்டே செருப்பை வாங்கி விரிப்பில் அழுத்தித் திருப்பிக் கொடுத்தார். "டுமேலா ர்ரா" என்றார் அம்மா. விமானத்தில் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

முதல் மாலை, படகில் எங்களோடு நான்கு பேர். மூன்றே கால் வரை ஒன்றுமில்லை. கரைக்கு மேலே சரிவில் சிவப்பு மணல், அதற்கும் மேலே இலை உதிர்ந்த புதர். எனக்கு மூங்கில் ஞாபகம் வந்துவிட்டது. அப்புறம் ஒரு மூலையில் தூசி எழுந்தது. முதலில் நடந்துதான் வந்தன. தண்ணீர் வாடை பட்டதோ என்னவோ, கடைசி நூறு அடி ஓட்டம். பெரியது, சின்னது, அதைவிடச் சின்னது. முப்பத்தேழு வரை எண்ணினேன், பின்னால் இன்னொரு கூட்டம் வந்து கலந்துவிட்டது.

ஒரு குட்டி இருந்தது. துதிக்கையை என்ன செய்வது என்று அதற்கு இன்னும் தெரியவில்லை. தண்ணீரில் விட்டு ஆட்டியது, வெளியே எடுத்தது, தன் துதிக்கையைத் தானே மிதித்துக்கொண்டது. கடைசியில் முன்னங்கால் இரண்டையும் மடித்து மண்டியிட்டு வாயை நேரே தண்ணீரில் வைத்துக் குடித்தது. அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். பேசவில்லை. பெரியவை குடித்து முடித்து நிமிர்ந்தபோது உடம்பில் ஒரு கோடு: அதற்குக் கீழே நனைந்த கறுப்பு, மேலே தூசியின் சாம்பல்.

இரண்டாம் நாள் காலை ஜீப்பில் ஒரு கலாட்டா. ஒரு பெண் யானை பாதையோரம் நின்றது, பக்கத்தில் குட்டி. அதன் கன்னத்தில் ஈரக்கோடு வழிந்திருந்தது. "மதம்டா, வண்டியை எடுக்கச் சொல்லு" என்று அம்மா கத்தாத குறை. ஊர்க்கோயில் யானைக்கு மதநீர் வழிந்தபோது தேரையே நிறுத்தி வைத்த கதையைக் கேட்டு வளர்ந்தவர் அவர். எங்கள் வழிகாட்டி ஒரு பெண், முப்பது வயதிருக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு மெதுவாக விளக்கினார். இங்கே ஆண், பெண், குட்டி எல்லாவற்றுக்கும் அந்த இடத்தில் வழியும். வெயில், பரபரப்பு, கூட்டத்தில் யாரையோ திரும்பப் பார்த்த குதூகலம், எதற்கும் வழியும். ஆண் யானைக்கு வரும் மதம் வேறு, அதன் நடையே காட்டிக்கொடுக்கும். தந்தம் இருப்பதால் கொம்பன் என்று நினைத்துவிடக் கூடாது, பெண்ணுக்கும் தந்தம் உண்டு, நெற்றியைப் பாருங்கள், கோணமாக இருந்தால் பெண், உருண்டிருந்தால் ஆண் என்றார். நான் மொழிபெயர்த்தேன். அதன்பிறகு மீதி நாளெல்லாம் அம்மா ஒவ்வொரு யானையின் நெற்றியையும் பார்த்து ஆணா பெண்ணா என்று அறிவித்துக்கொண்டே வந்தார். மூன்று தடவைதான் தப்பு.

ஆலமரத்தார் சொன்ன செத்த மரங்களையும் பார்த்தோம். பொய்யில்லை. ஒன்றின் உச்சியில் மீன்பிடிக் கழுகு உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்துக் கூவியது.

மனைவியின் சந்தேகத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். சலித்தது. அவருக்கு மூன்றாம் நாள் சலித்தேவிட்டது. கடைசி மாலை யானைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கீழ் அலகு நீண்ட ஒரு பறவை தண்ணீரைக் கிழித்துக்கொண்டே பறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிங்கம் கிடைக்கவில்லை, தடம் மட்டும்.

நீந்துவதைக் கடைசி நாள் பார்த்தோம். ஒன்பது யானை. நடு ஆற்றில் குட்டி காணாமல் போனது. எல்லோரும் எழுந்துவிட்டோம், படகோட்டி உட்காரச் சொல்லிக் கையசைத்தார். ஒரு பாட்டில் மூடி அளவுக்குத் துதிக்கை நுனி மேலே வந்தது. அது தீவில் ஏறும்வரை அம்மா ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன், "உனக்கு என்ன" என்றார்.

லென்ஸ் மாமா | செப்டம்பர் 27, இரவு 10.02

படம் எங்கே?

தபால்காரர் மகன் | செப்டம்பர் 27, இரவு 10.09

மாமா, குட்டி மூழ்கியபோது கேமரா மடியில் இருந்தது. குட்டி ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

புதிய உறுப்பினர் 4471 | செப்டம்பர் 28, காலை 6.50

அருமை சார். எங்களுக்கு டிசம்பர் விடுமுறையில்தான் போக முடியும். யானை இருக்குமா?

காபரோன் கணக்கர் | செப்டம்பர் 28, காலை 8.20

இருக்கும், ஆனால் இந்தக் கூட்டத்தை எதிர்பார்க்காதீர்கள். நவம்பரில் மழை பிடித்தால் காட்டுக்குள் குட்டைகள் நிறைந்துவிடும், யானைகள் உள்ளே பிரிந்து போகும். அதற்குப் பதிலாகப் பச்சை, மான் குட்டிகள், பறவைகள், குறைந்த கூட்டம். இந்த நாட்டு நாணயத்தின் பெயர் புலா, அதற்கு மழை என்று அர்த்தம். டிசம்பரில் மழை கொட்டும்போது அவர்களிடம் போய் யானை வரவில்லையே என்று குறைப்பட்டால் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

மட்டுநகரான் | செப்டம்பர் 28, காலை 9.05

அடுத்த வருடம் நாங்களும் மூன்று இரவு தங்குகிறோம், மகள் விடமாட்டேன் என்கிறாள். என் மாமியாரும் வருகிறார், அவருக்கும் முழங்கால். உங்கள் அம்மா அந்த உயரமான ஜீப்பில் எப்படி ஏறினார்?

தபால்காரர் மகன் | செப்டம்பர் 28, காலை 9.30

முதல் நாள் நானும் டிரைவரும் இரண்டு பக்கமும் தாங்கி ஏற்றினோம், அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. இரண்டாம் நாள் காலையில் வழிகாட்டிப் பெண் சமையலறையிலிருந்து குளிர்பானக் கிரேட் ஒன்றைக் கொண்டுவந்து கவிழ்த்துப் போட்டார், அதன்மேல் ஒரு சாக்கு. அம்மா தானே ஏறிவிட்டார். இறங்கும் இடத்திலும் வேண்டுமே, அதனால் கிரேட்டும் எங்களோடு சவாரி வந்தது. முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள் அண்ணா. பழைய ஜீப்களில் முதல் படி என் முழங்கால் உயரம்.